பாசி டீச்சர் இரண்டாம் முறை தட்டிய கதவுகள்

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘பாசி டீச்சர் எங்கே?’ என்று கேட்டால் வாசல் காவலாளி முதல் துணைவேந்தரின் ஓட்டுநர் வரை கை நீட்டிக் காட்டுவார்கள். மழை ஓய்ந்ததும் ஒரு பழைய வெண்ணெய்க் கத்தியும் நாலைந்து காகித உறைகளும் எடுத்துக்கொண்டு, கட்டடத்தின் வடக்குச் சுவர், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், மாடிப்படியின் ஈரமூலை என்று பாசி சுரண்டிக்கொண்டு திரிவாள். தாவரவியல் துறைக்கு வந்த முதல் வருடமே பிள்ளைகள் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அழாத குறையாகச் சொன்னாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அன்றிலிருந்து வீட்டிலும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா பஸ் டிப்போவில் டூட்டி சார்ட் எழுதுகிறவள். எந்த வண்டிக்கு எந்த டிரைவர், எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே திரும்புவது எல்லாம் அவள் கையெழுத்தில்தான் பலகையில் தொங்கும். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. தங்கை டாக்டர் பட்டம் வாங்கிய அன்று டிப்போ முழுக்க இனிப்புக் கொடுத்தாள். “ஊசி போடற டாக்டரா?” என்று ஒரு கண்டக்டர் கேட்டதற்கு, “இல்ல, சுவத்துக்கு வைத்தியம் பாக்கற டாக்டர்” என்றாள். சொல்லும்போது தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

பட்டம் வாங்கிய பிறகும் பாசிக்கு நிரந்தர வேலை கிடைக்க ஒன்பது வருடம் ஆயிற்று. அதுவரை ஒப்பந்த ஆசிரியர். ஒவ்வொரு பருவம் முடியும்போதும், அடுத்த பருவத்துக்குக் கடிதம் வருமா வராதா என்று அஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்களுக்கு மேஜை கிடையாது. மூன்றாம் மாடிப் படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஓர் அகலமான ஜன்னல் திட்டு உண்டு. அதில்தான் ஒன்பது வருடம் விடைத்தாள் திருத்தினாள். காற்றடித்தால் தாள் பறக்காமலிருக்க முழங்கையை ஊன்றிக்கொள்வாள். அப்படி ஊன்றி ஊன்றி இடது முழங்கையில் தோல் காய்த்துப்போயிருந்தது.

நிரந்தரமான பிறகு ஆறு இழுப்பறை உள்ள ஒரு மேஜை கொடுத்தார்கள். முதல் நாளே இடது பக்கத்து மூன்று இழுப்பறைகளையும் காலி செய்து, கணிதத் துறையில் ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். மூன்று கட்டடங்களில் வகுப்பு எடுத்துவிட்டு, தோள்பையோடு மூச்சிரைக்க ஓடுகிற பெண். எல்லாரும் ‘கணக்கு’ என்றே கூப்பிடுவார்கள்.

“மேடம், யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்க.”

“சொல்லட்டும். எனக்கு ஒரு பக்கம் போதும். பாசி என்ன, பீரோவா கேக்குது?”

அந்த வருடம் அரசாங்கம் பல்கலைக்கழகத்துக்குத் தரும் நிதியில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டிவிட்டது. பருவத்தின் நடுவில் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒப்பந்த ஆசிரியர்கள் அறுபத்திரண்டு பேருக்கும் அடுத்த பருவம் கடிதம் கிடையாது. அவர்களுடைய வகுப்புகளை நிரந்தர ஆசிரியர்களே ஆளுக்கு இரண்டாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் பணி விதிப்படி, ஒருவருக்கு வகுப்பைக் கூட்ட அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும். இருநூற்றுப் பத்து நிரந்தர ஆசிரியர்களில் சரிபாதி, அதாவது நூற்றைந்து பேர் சம்மதித்துவிட்டால், திட்டம் எல்லாரையும் கட்டுப்படுத்தும். அதற்காகச் சுற்றறிக்கையோடு ஒரு படிவமும் வந்தது. மேலே பெயர், துறை. நடுவில் ‘குறிப்பு’ என்று எட்டுக் கோடு போட்ட இடம். கீழே கையொப்பம். கடைசி நாள் மூன்றாவது வாரத்து வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணி.

கணக்கு அந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு மடித்துத் தன் இழுப்பறையில் வைத்தாள். “பெரியவனுக்கு இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் மாத்தினேன்” என்று மட்டும் சொன்னாள்.

பாசி அப்போது ஆசிரியர் சங்கத்தின் செயலாளர். அது ஆசைப்பட்டு வாங்கிய பதவியல்ல. முந்தின வருடம் தேர்தல் நடந்தபோது அவள் நாற்காலி எடுத்துவரப் பக்கத்து அறைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் எல்லாரும் கை தட்டினார்கள். நாற்காலிக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து அவளும் சிரித்தாள். அதையே சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

சங்கத் தலைவர் வரலாற்றுப் பேராசிரியர். தங்கமான மனிதர். ஆனால் “சுருக்கமா சொல்றேன்” என்று அவர் ஆரம்பித்தால், பின்வரிசையில் இருப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வசதியாகச் சாய்ந்துகொள்வார்கள். சுற்றறிக்கை வந்த மூன்றாம் நாள் கூடிய அவசரக் கூட்டத்திலும் அவர் சுருக்கமாகத்தான் பேசினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒப்பந்த ஆசிரியர்கள் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. அவர்களில் இருபது பேர் வகுப்பறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேச உரிமை இல்லை.

சம்மதிக்கக் கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி மறுப்பது என்பதில்தான் பேச்சு முடியவில்லை. அப்போது பாசி எழுந்து ஒரு யோசனை சொன்னாள். “சும்மா கொடுக்காம இருந்துட்டா, சோம்பேறித்தனம்னு சொல்லிடுவாங்க. குறிப்புன்னு எட்டு வரி இடம் விட்டிருக்காங்க. ஏன் மறுக்கறோம்னு ஆளாளுக்கு அதுல எழுதிக் கொடுப்போம். காரணத்தோட மறுத்தா அதுக்கு ஒரு கனம் இருக்கும்.”

எழுதலாம் என்றதும் பேராசிரியர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதுவரை கொட்டாவி விட்டவர்கள்கூடப் பேனாவை எடுத்துவிட்டார்கள். கைதட்டலில் தீர்மானம் நிறைவேறியது.

அன்றிலிருந்து பாசிக்கு உட்கார நேரமில்லை. ஆறு மாடி, நாலு கட்டடம். அறை எண்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். அவளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, சின்ன வயதிலிருந்தே. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிட மாட்டாள். தனக்கென்ன என்று இருந்தவர்கள்கூட, அவள் கால்மணி நேரம் காது கொடுத்ததற்காகவே பேனாவை எடுத்தார்கள். வேதியியல்காரர் களைப்புக்கும் வகுப்பு எண்ணிக்கைக்கும் உள்ள உறவை வரைபடமாகவே போட்டு இணைத்தார். சட்டத் துறையார் நாலு பேரும் விதி எண்களோடு இரண்டு பக்கம் எழுதினார்கள். இலக்கியப் பேராசிரியர் தன் மறுப்பை மூன்று வெண்பாவாக எழுதினார். எல்லாரும் கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டு, தபால் பிரிவில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டார்கள்.

கடைசி வாரத்தின் புதன்கிழமை காலை, ஆறே முக்கால் மணி. அக்கா வீட்டின் மாடியில் குடியிருக்கும் பாசி, வழக்கம்போலக் கீழே இறங்கி அடுக்களை மேடையில் ஏறி உட்கார்ந்தாள். அக்கா டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, காலங்காத்தால பல்லக் காட்டற?”

“நூத்தி அறுபத்தெட்டுக்கா! நேத்து சாயங்காலம் வரைக்கும் நூத்தி அறுபத்தெட்டு பேர் படிவம் குடுத்துட்டாங்க. ஒருத்தர் பாட்டாவே எழுதிட்டார்.”

“சம்பளம் வாங்கிட்டுப் பாட்டெழுதறாங்களா? நல்ல உத்தியோகம். ஆமா, எழுதினதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டாங்களா?”

“பின்ன? இதென்ன மொட்டைக் கடுதாசியா?”

“போட்டு ஆபீஸ்லயும் குடுத்தாச்சா?”

“குடுத்து ரசீதும் வாங்கியாச்சு. ஏன்க்கா?”

அக்கா அடுப்பை அணைத்தாள். “எங்க டிப்போவுல ஒரு டிரைவர், ‘பிரேக் சரியில்ல, இந்த வண்டிய எடுக்க மாட்டேன்’னு டூட்டி சீட்டுலயே பெருசா எழுதி, கீழ கையெழுத்தும் போட்டுக் குடுத்தாரு. மேனேஜர் என்ன சொன்னாரு தெரியுமா? சீட்ட வாங்கினதுக்குக் கையெழுத்து இருக்கு, அப்ப டூட்டிய ஏத்துக்கிட்டாச்சு, வண்டி எடுக்கலன்னா ஆப்சென்ட்டுன்னு. எங்க, உன் படிவத்த எடு.”

பாசி பையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தாள். மேலே படித்தாள், நடுவே படித்தாள். கையொப்பக் கோட்டுக்கும் கீழே, தாளின் ஓரத்தை ஒட்டி, எறும்பு ஊர்ந்தாற்போல் ஒரு வரி இருந்தது. ‘கையொப்பமிட்டுத் திருப்பி அளிக்கப்படும் படிவம் சம்மதமாகக் கொள்ளப்படும், குறிப்புகள் பின்னர் பரிசீலிக்கப்படும்.’

இருநூறு பேர், அத்தனை பேரும் டாக்டர் பட்டம். ஆளுக்கொரு அலமாரி புத்தகம் படித்தவர்கள். எட்டு வரி காலியிடத்தைப் பார்த்ததும் என்ன எழுதலாம் என்றுதான் யோசித்தார்களே தவிர, அச்சடித்திருப்பதைக் கடைசிவரை படிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. யோசனையே அவளுடையதுதான்.

படிவத்தை மேடைமேல் வைத்தாள். “அக்கா, அறுபத்திரண்டு பேர் வேலைய நானே எழுதி வாங்கிக் கொடுத்துட்டேன்க்கா.”

அக்கா திட்டவில்லை. முட்டையை டப்பாவில் போட்டு மூடினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “வெள்ளிக்கிழம நாலரைன்னுதான சொன்ன? இன்னும் ரெண்டரை நாள் இருக்கு. ஏழு அஞ்சு வண்டியப் புடிச்சா ஏழே முக்காலுக்கு வாசல்ல எறங்கிடலாம். அழறதுன்னா வண்டில உக்காந்து அழு. இந்தா டப்பா.”

தபால் பிரிவின் ஜன்னல் எட்டு மணிக்குத் திறக்கும். அங்கே இருபத்து நாலு வருடமாக உட்கார்ந்திருப்பவரை எல்லாரும் தபால் அண்ணன் என்பார்கள். வருகிற காகிதம் ஒவ்வொன்றையும் எண் போட்டுத் தடித்த பதிவேட்டில் ஏற்றுவார். பாசி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டீச்சரம்மா, பதிவுல ஏறினத நான் எடுத்துக் குடுக்க முடியாது. யார் கேட்டாலும் முடியாது.”

“தெரியும்ணே.”

“இருங்க, முடிக்கல. கடைசித் தேதிக்கு முன்னாடி, எழுதினவரே நேர்ல வந்து, ‘திரும்பப் பெற்றேன்’னு இந்தக் கட்டத்துல கையெழுத்துப் போட்டா, குடுத்துத்தான் ஆகணும். லீவுக்கு எழுதிட்டு மனசு மாறி வாங்கிட்டுப் போறாங்கல்ல, அதே விதிதான். பன்னெண்டாம் விதி. ஆனா அவங்கவங்க வரணும். மொத்தமா வாங்க முடியாது.”

பாசிக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தாள். அறுபத்து நாலு பேராவது திரும்ப வாங்கினால்தான் எண்ணிக்கை நூற்றைந்துக்குக் கீழே இறங்கும். அந்த அறுபத்து நாலு பேரிடமும் போய், ‘நான் சொன்னது தப்பு’ என்று சொல்லியாக வேண்டும்.

ஆனால் முதலில் சொல்ல வேண்டியது ஒருவரிடம். மேஜைக்குப் போனாள். கணக்கு எட்டரை மணி வகுப்புக்குச் சுண்ணக்கட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். பாசி படிவத்தை அவள்முன் வைத்து, கடைசி வரியில் விரலை வைத்தாள். “நான் இதப் படிக்காம விட்டுட்டேன்.”

கணக்கு அந்த வரியைப் பார்க்கக்கூட இல்லை. “தெரியும் மேடம். நான் முதல் நாளே படிச்சேன்.”

“என்ன?”

“எங்களுக்கு வர்ற ஒப்பந்தக் கடிதத்துல எப்பவும் கீழதான் விஷயம் இருக்கும். அதனால நாங்க கீழருந்துதான் படிப்போம்.” அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் பாசியைச் சுட்டது. “கூட்டத்துல நீங்க சொன்னதும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தலைவர்கிட்ட அனுப்பினேன். அவர் வாங்கிப் பையில போட்டுக்கிட்டுப் பேசிட்டே இருந்தார். அப்புறம் தீர்மானம் போட்டுட்டீங்க. சட்டத் துறை சார் எல்லாம் இருக்காங்களே, ஏதோ விதி தெரிஞ்சுதான் செய்யறாங்கன்னு நெனச்சோம்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. இதே மேஜைதான?”

“மேஜை உங்களோடது மேடம். வேலைக்காகப் பயந்து உங்கள வழிமறிக்கறேன்னு ஆயிடக் கூடாதுல்ல.”

பாசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பாதி மேஜையைக் கொடுத்துவிட்டுப் பெரிய தர்மம் செய்ததாக நினைத்திருந்தோம், கதவோரம் நின்றவளின் ஒரு சீட்டைப் படிக்க ஆளில்லை என்று அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்து, “இப்ப என்ன பண்ணலாம், சொல்லு” என்றாள். அந்தக் கேள்வியை ஒப்பந்த ஆசிரியர் ஒருவரிடம் சங்கம் கேட்டது அதுதான் முதல் தடவை.

கணக்கு யோசிக்கவே இல்லை. “உங்க ஆளுங்க வர மாட்டாங்கன்னு இல்ல மேடம். வகுப்ப விட்டு வர முடியாது. நாங்க நிக்கறோம். யாருக்கு எந்த நேரம் எந்த அறையில வகுப்புன்னு எங்களுக்கு மனப்பாடம். அவங்க பின்னாடியேதான நாங்க அந்த அறைக்குள்ள போறோம்? நீங்க போய் விஷயத்தச் சொல்லுங்க. அவங்க கீழ போய்ட்டு வர்ற பத்து நிமிஷம் நாங்க பாத்துக்கறோம்.”

அன்று பத்து மணிக்கெல்லாம் அறுபத்திரண்டு பேரில் முப்பத்தெட்டுப் பேர் நாலு கட்டடங்களிலும் பரவிவிட்டார்கள். பாசி இரண்டாம் முறையாகக் கதவு தட்ட ஆரம்பித்தாள்.

முதல் கதவு தலைவருடையது. அவர் படிவத்தின் கடைசி வரியைப் படித்தார். பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். “அன்னிக்கி ஒரு சீட்டு வந்துது… துவைக்கப் போட்ட சட்டையில இருந்துது. கூழாயிடுச்சு.” ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்ததை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு எழுந்து, யாரும் சொல்லாமலே தபால் ஜன்னலுக்கு நடந்தார்.

எல்லாக் கதவும் அப்படி இல்லை. வணிகவியல்காரர் ஒருவர் மாணவர்கள் காதுபடவே, “செயலாளர்னா படிக்கத் தெரிஞ்சிருக்கணும்மா” என்றார்.

“ஆமா சார். தப்பு என்னோடது. வாங்க, இவர் உங்க வகுப்பப் பாத்துக்குவார்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் போனார். அதற்கு அவள் மனதார நன்றி சொன்னாள். வாயாரத் திட்டிவிட்டு வராமல் இருந்துவிடுவார்களோ என்று பயந்திருந்தாள், அப்படி ஒருவர்கூட இல்லை.

தத்துவப் பேராசிரியரின் அறையில் அவள் பாதி மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் இழுப்பறையைத் திறந்து காட்டினார். படிவம் வந்தபடியே கிடந்தது. “நான் எந்தப் படிவத்தையும் திருப்பிக் குடுத்ததே இல்லம்மா. முப்பது வருஷப் பழக்கம்.”

“சங்கத்துலயே உங்கள மாதிரி உறுப்பினர் இல்ல சார்” என்று அவள் சொன்னபோது, புதன்கிழமை காலைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

புவியியல் வகுப்பில் நிற்கப் போன இயற்பியல் ஒப்பந்த ஆசிரியர், கிடைத்த பத்து நிமிடத்தில் பூமி ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாராம். மறுநாள் பிள்ளைகள், “அந்த சார் வரமாட்டாரா?” என்று கேட்டிருக்கிறார்கள். புவியியல் பேராசிரியரே வந்து அதைச் சொல்லி, “பொறாமையா இருக்கும்மா” என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் எழுபத்திரண்டு படிவம் திரும்பிவிட்டது. எண்ணிக்கை தொண்ணூற்றாறுக்கு இறங்கிவிட்டது. பாசி நிறுத்தவில்லை. இதுவரை படிவமே கொடுக்காதவர்கள் கடைசி நேரத்தில் பத்துப் பேர் கொடுத்தாலும் போச்சு. வெள்ளிக்கிழமை தபால் ஜன்னலின் முன் வரிசை படிக்கட்டு வரை நீண்டது. தபால் அண்ணன் சாப்பிடப் போகவில்லை. ஒவ்வொரு படிவமாகத் தேடி எடுத்து, எண்ணைச் சரிபார்த்து, கட்டத்தில் கையெழுத்து வாங்கி, பிறகுதான் கொடுத்தார். அவசரப்படுத்தியவர்களிடம், “ஒரு எண் மாறினாலும் நாளைக்கு செல்லாதும்பாங்க சார், நில்லுங்க” என்றார். அந்த நிதானத்துக்கு என்ன கைம்மாறு செய்வது!

இலக்கியப் பேராசிரியர் மட்டும் மூன்று மணி வரை அசையவில்லை. “மூணு நாள் உக்காந்து எழுதினதும்மா. தளை தட்டாம வந்திருக்கு. அங்கயே இருக்கட்டும். பதிவாளர் படிக்கட்டும்.”

“சார், பதிவாளர் படிக்க மாட்டார். எண்ணுவார்.”

அவர் நொந்துபோன முகத்தோடு வந்து வெண்பாவை மீட்டார். பிறகு வரிசையில் நின்றவர்களுக்கு மூன்றையும் ராகம் போட்டுப் படித்துக் காட்டினார். கைதட்டல் அடங்கும்போது பின்னாலிருந்து ஒரு தொண்டைக் கனைப்பு கேட்டது. பதிவாளர்.

அவர் ஜன்னலுக்குள் கை நீட்டிப் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். “என்ன இது?”

“பன்னெண்டாம் விதி சார்” என்றார் தபால் அண்ணன், எழுந்து நின்று.

பதிவாளர் விதியை மறுக்கவில்லை. பாசியைப் பார்த்தார். “ரெண்டு நாள்ல இவ்வளவு பேருக்கு மனசு மாறிடுச்சா?”

“மனசு மாறல சார். மனசு அன்னிக்கி எழுதினப்ப இருந்த மாதிரியேதான் இருக்கு. காகிதத்ததான் இப்ப சரி பண்றோம்.”

அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா, சலிப்பா தெரியவில்லை. பதிவேட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நாலு இருபதுக்கு வரிசை கரைந்தது. பாசி சுவரில் சாய்ந்து, நோட்டில் பெயர்களுக்கு எதிரே குறி போட்டுக்கொண்டிருந்தாள். கணக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

“எல்லாம் ஆச்சா மேடம்?”

“ஆச்சு. மிச்சம் இருக்கறவங்க குறிப்பே எழுதாம, வேணும்னே சம்மதிச்சவங்க. அவங்கள விட்டுடுவோம்.”

“உங்களோடது?”

பாசி விழித்தாள். எல்லாருக்கும் முன்மாதிரியாக இருக்கட்டும் என்று முதல் படிவத்தைக் கொடுத்ததே அவள்தான். பதிவேட்டில் முதல் எண். மற்றவர்கள் கதவையெல்லாம் தட்டினாளே ஒழிய, தன்னுடையது உள்ளே கிடப்பது மறந்தே போயிற்று. ஓடினாள். தபால் அண்ணன் அதைத் தனியாக எடுத்து, ஜன்னல் விளிம்பில் தயாராக வைத்திருந்தார்.

“வருவீங்கன்னு தெரியும் டீச்சரம்மா. கூப்பிடலாமான்னு பாத்தேன். விதியில அது இல்ல.”

நூற்று முப்பத்தொன்றாவதாக அவள் கையெழுத்துப் போட்டபோது மணி நாலு இருபத்தாறு. உள்ளே மிஞ்சியது முப்பத்தேழு.

அடுத்த செவ்வாய்க்கிழமை புதுச் சுற்றறிக்கை வந்தது. திட்டம் ‘தற்போதைக்கு’ நிறுத்திவைக்கப்படுகிறது; ஒப்பந்த ஆசிரியர்கள் அனைவருக்கும் ஒரு வருடத்துக்குக் கடிதம் அனுப்பப்படும். எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. நூலகம் எட்டு மணிக்குப் பதில் ஆறு மணிக்கே மூடும் என்றார்கள். பாசியின் துறை கேட்டிருந்த நுண்ணோக்கியும் பட்டியலிலிருந்து போயிற்று. அவளுக்கு அது மனதில் ஏறவே இல்லை. ஒரு நாள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டே நடந்தாள். தபால் அண்ணனிடம் போனாள். “நானென்ன செஞ்சேன், விதியப் படிச்சேன்” என்றார் அவர். வணிகவியல்காரரிடம் போனாள். அவர், “அன்னிக்கி கொஞ்சம் வார்த்தைய விட்டுட்டேன்” என்று தேநீர் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள். “ஒரு வருஷத்துக்கு டூட்டி போட்டாச்சுன்னு சொல்லு. போ, போய்த் தூங்கு, கண்ணு ரெண்டும் குழியில கெடக்கு” என்றாள் அக்கா. மறுநாள் டிப்போவில் எத்தனை பேரிடம் அந்தக் கதை சொல்லப்பட்டது என்பது பாசிக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மாதக் கடைசியில் சங்கத்தின் பொதுக்குழு கூடியது. தலைவர் எழுந்தார். செருப்புகள் கழன்றன. ஆனால் அன்று அவர் பேசியது இவ்வளவுதான்: “நமக்குத் தெரியாதது கதவுகிட்ட நின்னவங்களுக்குத் தெரிஞ்சிருந்துது. கேக்காம விட்டது என் தப்பு. ஒப்பந்த ஆசிரியர்களும் இனி உறுப்பினர். பேசலாம், வாக்கும் போடலாம். செயலாளரம்மா தீர்மானத்தக் கொண்டுவருவாங்க.” உட்கார்ந்துவிட்டார். செருப்பைக் கழற்றியவர்கள் அவசர அவசரமாகத் தேடி மாட்டிக்கொண்டார்கள்.

பாசி தீர்மானத்தைப் படித்தாள். ஒவ்வொரு வரியையும், கீழிருந்து ஒரு தடவை, மேலிருந்து ஒரு தடவை. சபையில் சிரிப்பு. பிறகு கைகள் உயர்ந்தன, எண்ணத் தேவையிருக்கவில்லை. கதவோரம் நின்ற இருபது முப்பது பேர் உள்ளே வந்தார்கள். நாற்காலி போதவில்லை. இலக்கியப் பேராசிரியர் நகர்ந்து பாதி நாற்காலி கொடுத்தார். தத்துவம் எழுந்து ஜன்னலில் சாய்ந்துகொண்டார்.

“முதல்ல யார் பேசறீங்க?” என்றார் தலைவர்.

கணக்கு எழுந்தாள். கையில் காகிதம் ஏதும் இல்லை. “நன்றி சொல்லணும்னுதான் வந்தேன். சொல்லிட்டேன். ஆனா எங்க கடிதத்துல ஒரு வருஷம்னு போட்டிருக்கு. அடுத்த வருஷம் இதே சுற்றறிக்கை வேற எழுத்துல வரும். அது வர்றதுக்குள்ள நாம என்ன செஞ்சிருக்கணும்னு இப்பவே பேசலாம். எனக்கு மூணு யோசனை இருக்கு.” கொஞ்சம் தயங்கி, முன்வரிசையில் நடவடிக்கைக் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்த பாசியைப் பார்த்தாள். “மேடம், நீங்க செயலாளர். முதல்ல நீங்க சொல்லுங்களேன்.”

பாசி பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“இல்ல. நீ பேசு, நான் எழுதறேன்.”